கசிவு: ஏரிக்கரை முதல் மொட்டை மாடி வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஏரிக்கரையில் ஈரம், சுவரில் ஓதம், மாடி ஒழுகல், கிணற்றில் எண்ணெய் என்று கேள்விகள் பல பக்கத்திலிருந்து வருகின்றன. ஆனால் மண்ணுக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் தண்ணீர் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். வேண்டிய கேள்விக்கு நேரே போகலாம். முதல் இரண்டைப் படித்துவிட்டுப் போனால் மற்றவை சுலபமாகப் புரியும்.

கெட்டியான மண், கல், காங்கிரீட், இதற்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

மணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் இடைவெளி. களிமண்ணில் அதைவிட அதிகம், பாதிகூட இருக்கும். ஆனாலும் மணலில் சட்டென்று இறங்கும் தண்ணீர் களிமண்மேல் நாள் கணக்கில் தேங்கி நிற்கிறது. இடைவெளி மொத்தம் எவ்வளவு என்பதைவிட, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். களிமண்ணின் இடைவெளிகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியவை.

கருங்கல் வேறு மாதிரி. கல்லுக்குள் தண்ணீர் போகாது, கல்லின் பிளவு வழியாகப் போகும். ஒரு வீட்டு போர்வெல்லில் தண்ணீர் பீச்சியடிக்க, பக்கத்து மனையில் புழுதி மட்டும் பறப்பது இதனால்தான்.

வழி இருந்தால் மட்டும் போதாது, தள்ளுவதற்கும் ஏதாவது வேண்டும். பெரும்பாலும் அது இரண்டு பக்க நீர்மட்டத்தின் உயர வித்தியாசம். சுவர் ஓதத்தில் மட்டும் வேறு விசை வேலை செய்கிறது. அது பின்னால் வருகிறது.

எந்த மண்ணில் எவ்வளவு வேகமாகக் கசியும்?

பிரான்சில் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த என்ஜினியர் ஆன்றி டார்சி. மணல் நிரப்பிய செங்குத்துக் குழாயில் தண்ணீரை விட்டு அளந்து பார்த்து, 1856-ல் முடிவை வெளியிட்டார். விதி மிகவும் எளிது. நீர்மட்ட வித்தியாசம் இரண்டு மடங்கானால் கசிவும் இரண்டு மடங்காகும். தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் கசிவு பாதியாகும். மிச்சமெல்லாம் அந்த மண்ணுக்கே உரிய ஓர் எண்ணில் அடங்கிவிடும்.

அந்த எண்தான் ஆச்சரியமானது. ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் மட்ட வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான மணலில் தண்ணீர் நாளொன்றுக்கு 8, 9 மீட்டர் என்ற கணக்கில் போகும். நல்ல களிமண்ணில் ஆண்டுக்கே 3 செ.மீ.தான். வித்தியாசம் ஒரு லட்சம் மடங்குக்கு மேல். இரும்பின் வலுவும் மரத்தின் வலுவும்கூட சில பத்து மடங்குக்குள் முடிந்துவிடும். ஆகவே கசிவு விஷயத்தில் 'சராசரி மண்' என்று பேசுவதில் அர்த்தமில்லை. இருபதடி களிமண்ணுக்கு நடுவே நாலு விரல் மணல் அடுக்கு ஓடினால், தண்ணீர் அந்த நாலு விரலைத்தான் தேடிப் போகும்.

எங்கள் ஊர் ஏரி நிறைந்ததும் கரையின் வெளி அடிவாரம் ஈரமாகிறது. கரை உடையப் போகிறதா?

ஈரம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். கசியாத மண்கரை உலகத்தில் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கரையோரம் 3 மீட்டர் தண்ணீர், கரைக்குள் தண்ணீர் கடக்கும் தூரம் 15 மீட்டர், கரை நீளம் 1 கிலோமீட்டர். வண்டலும் களியும் கலந்த சுமாரான மண் என்றால் முழுக் கரையிலும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,600 லிட்டர் கசியும். நல்ல களிமண் என்றால் 26 லிட்டர். மணல் அதிகமுள்ள மண் என்றால் 2,60,000 லிட்டர். அதே ஏரியில் 50 ஹெக்டேர் தண்ணீர் விரிந்திருந்து, வெயிலில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாவதாக வைத்தால், அது மட்டும் 25 லட்சம் லிட்டர். தண்ணீர் வீணாகிறது என்பதற்காகக் கரைக் கசிவைக் கண்டு கவலைப்படுவது பெரும்பாலும் தேவையற்றது. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: அந்தத் தண்ணீர் தன்னோடு மண்ணையும் எடுத்து வருகிறதா?

கசியும் தண்ணீரை நிறமில்லாத பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தெளிந்தே இருந்தால், கசிவு கூடாமலும் இருந்தால், கண்காணித்தால் போதும். அடியில் மண் படிந்தால், அல்லது நேற்றுவரை தெளிவாக வந்தது இன்று கலங்கி வந்தால், அது அவசரம்.

கலங்கி வந்தால் அப்படி என்ன ஆபத்து?

மண்துகளை அதன் எடைதான் கீழே பிடித்து வைத்திருக்கிறது. கீழிருந்து மேலே வரும் தண்ணீரின் தள்ளல் அந்த எடைக்குச் சமமானால் துகள் மிதக்கத் தொடங்கும். சாதாரண மணலில் இது ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மட்ட வித்தியாசம் என்ற நிலையில் நடக்கும். முதலில் நகர்வது வெளியேறும் வாயில் உள்ள துகள். அது போனதும் தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் கொஞ்சம் குறைகிறது. தூரம் குறைந்தால் வேகம் கூடும், டார்சி சொன்னதுதான். வேகம் கூடினால் அடுத்த துகளும் போகும். இப்படியே வெளிப்பக்கத்திலிருந்து ஏரியை நோக்கி, பின்னோக்கி ஒரு குழல் தோண்டப்படுகிறது. அது தண்ணீரைத் தொட்ட பிறகு கையில் மிஞ்சுவது மணிக்கணக்கான நேரம்தான்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டெட்டன் அணைக்கு இதுதான் நடந்தது. 90 மீட்டருக்கு மேல் உயரமான புத்தம்புது மண் அணை, முதல் தடவையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5 காலையில் அணைச் சரிவில் கசிவு தெரிந்தது. புல்டோசர் வைத்து ஓட்டையில் மண்ணைத் தள்ளினார்கள். புல்டோசர்களே உள்ளே போய்விட்டன, ஓட்டியவர்கள் தப்பினார்கள். நண்பகல் 12 மணிக்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். அணையின் நடுவில் போட்டிருந்த மண் எளிதில் அரித்துப்போகும் வகை. அடியில் இருந்த பாறை முழுக்கப் பிளவு. அரித்த மண் போய்ச் சேர இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அப்படியானால் ஓட்டையை அடைத்துவிட்டால் தீர்ந்ததா?

வெளிப்பக்கம் அடைக்கக் கூடாது. நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது களிமண்ணையோ சிமெண்டையோ வைத்து வாயை மூடுவது. மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, பத்தடி தள்ளி இன்னோர் இடத்தில் கிளம்பும், அதுவும் இன்னும் வேகமாக.

செய்ய வேண்டியது, தண்ணீரை வரவிட்டு மண்ணை நிறுத்துவது. கசியும் இடத்தில் முதலில் பருமணல், அதன்மேல் சிறுஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி, கடைசியில் கல் என்று அடுக்க வேண்டும். கீழடுக்கின் துகள் மேலடுக்கின் இடைவெளியில் நழுவிப் போகாத அளவுக்கு அளவு பார்த்துப் போடணும். மண் இயக்கவியலுக்கு அடித்தளம் போட்ட கார்ல் டெர்சாகி வகுத்த வடிகட்டி விதி இதுதான். இன்றைய பெரிய மண் அணைகளின் உள்ளே பெரும்பாலும் இப்படி ஒரு மணல் வடிகட்டி கட்டும்போதே வைக்கப்படுகிறது.

கரைக்கு வெளியே தட்டையான நிலத்தில் மணல் கொப்பளித்தால், சுற்றி மணல்மூட்டை அடுக்கிக் கிணறு மாதிரி ஒரு வளையம் கட்டுவார்கள். உள்ளே தண்ணீர் ஏற ஏற மட்ட வித்தியாசம் குறையும். மணல் வருவது நின்று தெளிந்த நீர் வழியும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முழுக்க நிறுத்த முயன்றால் வேறு இடத்தில் கொப்பளிக்கும்.

ஏரிப்பக்கம், அதாவது தண்ணீர் உள்ளே நுழையும் பக்கம், களிமண் போட்டு அடைப்பது சரியான வேலைதான். எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எலி வளை, நண்டு வளையெல்லாம் உண்மையிலேயே கரையை உடைக்குமா?

உடைக்கும், கடக்கும் தூரத்தைக் குறைப்பதால். பட்டுப்போன மரத்தின் வேர் இன்னும் மோசம். உள்ளே மக்கி, நேரான குழாயாகிவிடும். ஆனால் எல்லாப் பழியையும் அவற்றின்மேல் போடுவதும் நடக்கிறது. மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை 2019 ஜூலையில் உடைந்தபோது நண்டுகள்தான் காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார். அணை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே புகார் சொல்லியிருந்தார்கள்.

மணல் ஆற்றுக்குக் குறுக்கே எப்படி அணை கட்டுகிறார்கள்? அடியில் தண்ணீர் போகாதா?

போகும். போகவிட்டுத்தான் கட்டுகிறார்கள். காவிரியின் கல்லணையே ஆழம் தெரியாத மணல்மேல், கற்களை அமிழ்த்தி அமிழ்த்தி எழுப்பியது. மணலில் அடித்தளம் போடும் வித்தையை இங்கிருந்து கற்றதாக பிரிட்டிஷ் என்ஜினியர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார். கோதாவரியில் தவுளேஸ்வரம் அணைக்கட்டு அதற்கு அப்புறம் வந்தது.

கணக்காகப் புரிந்தது மெதுவாக, அதுவும் தோல்விகளால். செனாப் ஆற்றில் காங்கி அணைக்கட்டு 1895-லும், கங்கையில் நரோரா அணைக்கட்டு 1898-லும் அடிக்கசிவால் சேதமாயின. இவற்றைப் பார்த்துத்தான் பிளை என்ற என்ஜினியர் 1910-ல் ஒரு விதி சொன்னார்: அடித்தளத்தை ஒட்டித் தண்ணீர் தவழும் பாதையை, மட்ட வித்தியாசத்தைப் போல இத்தனை மடங்கு நீளமாக்குங்கள் என்று. மெல்லிய மணலுக்கு 15 மடங்கு. நல்ல விதி, ஆனால் குறுக்கே நீட்டினாலும் ஆழமாக இறக்கினாலும் ஒன்றுதான் என்று அது எடுத்துக்கொண்டது. கால்வாய்க் கட்டுமானங்களின் அடியில் குழாய் பதித்து அழுத்தத்தை அளந்தபோது இது பொருந்தவில்லை. என்ஜினியர் கோஸ்லாவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1936-ல் தெளிவாக்கினார்கள்: பாதையின் மொத்த நீளத்தைவிட, வெளியேறும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு விசையோடு மேலே வருகிறது என்பதே முக்கியம். அதனால் தண்ணீர் வெளியேறும் கீழ்ப்பக்க முனையில் ஒரு தடுப்பு ஆழமாக இறங்கியாக வேண்டும். இந்தியாவின் அணைக்கட்டுகள் இன்றும் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.

முல்லைப் பெரியாறு கசிகிறது என்கிறார்களே?

இரண்டு மாநில வழக்குக்குள் நான் போகவில்லை. கட்டுமானத்தைப் பற்றி மட்டும்: 1895-ல் முடிந்த இந்த அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்ந்த காங்கிரீட், இரண்டு முகப்பும் கல்கட்டு. இப்படிப்பட்ட அணையில் கசிவு இருக்கத்தான் செய்யும். கசிவில் கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, வரும் நீர் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துப்போகிறதா என்பது. இன்னொன்று, உள்ளே புகுந்த நீர் அணையைக் கீழிருந்து மேலே தூக்குகிறதா என்பது. எடையால் நிற்கும் அணைக்கு இந்தத் தூக்கல் எடையைக் குறைத்த மாதிரி.

1979-க்குப் பிறகு செய்த பலப்படுத்தலில் மேலே காங்கிரீட் தொப்பி, பாறைவரை இறங்கும் இரும்புக் கம்பி நங்கூரங்கள், பின்பக்கம் காங்கிரீட் தாங்கல் ஆகியவை வந்தன. கசிவு நீரை வடித்து வெளியே விடவும், லிட்டர் கணக்கில் அளக்கவும் உள்ளே ஒரு சுரங்க நடை இருக்கிறது. நீர்மட்டத்தையும் கசிவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்த அளவுக்கு அர்த்தம். மட்டம் ஏறும்போது கசிவு ஏறுவது இயல்பு. மட்டம் அப்படியே இருக்கக் கசிவு மட்டும் ஏறினால்தான் விசாரிக்க வேண்டும். செய்தியில் வெறும் 'இத்தனை லிட்டர்' என்று படித்தால் அன்றைய நீர்மட்டம் என்ன என்று தேடுங்கள்.

வீட்டுச் சுவரில் கீழிருந்து மூன்றடிவரை ஓதம் ஏறி, உப்பு பூத்து, பூச்சு உதிர்கிறது. ஏன்?

இங்கே தள்ளுவது மட்ட வித்தியாசம் இல்லை, செங்கல்லின் நுண்துளைகள் தண்ணீரை மேலே இழுக்கின்றன. துளை சிறிதாகச் சிறிதாக ஏற்றம் கூடும்: 0.1 மி.மீ. அகலத் துளையில் 30 செ.மீ., அதில் பத்தில் ஒன்று என்றால் 3 மீட்டர். ஆனால் சுவர் காற்றில் காய்ந்துகொண்டும் இருப்பதால் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்குகிறது, உப்பு படிகமாகி விரியும்போது பூச்சு பொரிகிறது.

உள்பக்கம் வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதம் நன்றாக இருக்கும். அப்புறம், காய வழியில்லாத ஈரம் பெயிண்டுக்கு மேலே எழும்பி நாலடியில் பூக்கும். அந்தச் செலவு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓதத் தடுப்புப் பட்டை விடுபட்டிருந்தால் சுவரில் துளையிட்டு நீர்தடுப்பு மருந்து செலுத்துவது ஒரு வழி. அதற்குமுன் சுவரை ஒட்டி மண் ஏற்றி வைத்திருக்கிறதா, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா, கழிவுநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் தரையிலிருந்து நேர்கோடாகத் தொடங்காமல் சுவர் நடுவே திட்டாக இருந்தால், அது ஓதமில்லை, உள்ளே போகும் குழாய்.

புது வீடு, மொட்டை மாடி ஒழுகுகிறது. சிமெண்ட் சரியில்லையா?

சிமெண்டைவிடத் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கலவையில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதிதான் சிமெண்டோடு சேர்ந்து இறுகும். மிச்சம் காய்ந்து போகும்போது நுண்துளைகளை விட்டுச் செல்லும். ஒரு மூட்டைக்கு 22, 23 லிட்டர் என்ற அளவில் கலந்து ஒரு வாரம் விடாமல் நனைத்தால் அந்தத் துளைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மூடிக்கொள்ளும். 30 லிட்டர் ஊற்றினால் அதே நிலை வர ஆறு மாதம் நனைக்க வேண்டும். 35-ஐத் தாண்டினால் எத்தனை நாள் நனைத்தாலும் மூடாது. நல்லதுக்கும் மோசத்துக்கும் நடுவே இருப்பது மூட்டைக்கு ஒரு குடம் தண்ணீர். கலவை இளக வேண்டும் என்று கேட்டவுடன் அந்தக் குடம் உள்ளே போய்விடுகிறது.

மற்றபடி பெரும்பாலான ஒழுகல் காங்கிரீட்டின் உடலில் இல்லை; கைப்பிடிச் சுவர் சேரும் மூலை, மழைநீர்க் குழாய் வாய், குழாய் துளைத்துப் போன இடம், இவற்றில்தான். தண்ணீர் நுழையும் இடமும் கீழே சொட்டும் இடமும் பல அடி தள்ளி இருக்கலாம். மாடியைப் பகுதி பகுதியாகப் பாத்தி கட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். எந்தப் பகுதி என்று தெரிந்தபிறகு மேல்பக்கத்தில் வேலை செய்யுங்கள். கூரையின் அடியில் பூசுவதெல்லாம் கண்துடைப்பு.

மெல்லிய விரிசலில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. முடியளவு விரிசல்கள் இப்படியே தானாக அடைபட்டுவிடுவதும் உண்டு. வெள்ளையோடு துருநிறமும் சேர்ந்து வந்தால் கம்பி பாதிக்கப்பட்டிருக்கிறது. அப்போது என்ஜினியரைக் கூப்பிடணும்.

தடுப்புச் சுவரில் ஏன் ஓட்டை விடுகிறார்கள்? அசிங்கமாக இருக்கிறது, மூடிவிடலாமா?

வேண்டாம். 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் காய்ந்த மணல் இருந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.7 டன் தள்ளல். அதே மணலில் தண்ணீர் முழுக்க நின்றால் சுமார் 6 டன். மழைக்காலத்தில் காம்பவுண்டு சுவர்கள் சாய்வதற்கு இது பெரிய காரணம். ஓட்டைக்குப் பின்னால் ஜல்லி வைக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மண் வெளியே வரும்.

காலியான சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மழையில் மேலே எழும்பும் என்பது நிஜமா?

நிஜம். வெளி அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், எல்லாப் பக்கமும் 15 செ.மீ. காங்கிரீட் என்றால் சம்பின் எடை ஏறக்குறைய 10.5 டன். நிலத்தடி நீர் மேல்வரை ஏறினால் தூக்கும் விசை 12 டன். பக்கவாட்டு மண் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் ஊறிய மண்ணை நம்ப முடியாது. அடைமழை நேரத்தில் சம்பைக் கழுவுகிறேன் என்று காலி செய்யாதீர்கள்.

பெட்ரோல், எண்ணெய் கசிந்தாலும் இதே விதிதானா?

விதி அதேதான், திரவத்தின் குணம் மாறுகிறது. பெட்ரோல் தண்ணீரைவிட இளகியது, மண்ணில் இன்னும் சுலபமாக ஓடும். இன்ஜின் ஆயில் மெதுவாக ஊரும். அப்புறம் எடை: பெட்ரோலும் டீசலும் நிலத்தடி நீரின்மேல் மிதந்து, நீர் போகும் திசையிலேயே பரவும். உலோகம் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன் போன்றவை தண்ணீரைவிடக் கனமானவை. நிலத்தடி நீரையும் தாண்டி அடிப்பாறைவரை இறங்கும். அவற்றைத் தேடி எடுப்பது மிகவும் கடினம்.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. காரணம் பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயின் கசிவு. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பகுதியில் மின்நிலையக் கழிவெண்ணெய் குடிநீர்க் கிணறுகளில் கலந்தது பெரிய வழக்காகி, 2019-ல் இலங்கையின் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. யாழ்ப்பாணத்தின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லையே கரைத்து உண்டாக்கிய பொந்துகள் வழியாக எது விழுந்தாலும் வடிகட்டப்படாமல் ஓடும். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இத்தனை அடி இருந்தால் போதும் என்று மணல்நிலத்துக்காகச் சொல்லும் கணக்கு அங்கே செல்லாது.

கடலோர போர்வெல் உப்பாவதும் கசிவுதானா?

ஆமாம். நல்ல தண்ணீர் கடல்நீரைவிட லேசு, அதன்மேல் மிதந்து நிற்கிறது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர்வரை நன்னீர் இருக்கும். அப்படியே திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு ஒரு மீட்டர் இறக்கினால் உப்புநீர் 40 மீட்டர் ஏறத் தொடங்கும். வடசென்னைக்கு அப்பால் மீஞ்சூர் பகுதியில் பல பத்தாண்டுகளாக நடப்பது இதுதான்.

கசிவைப் பார்த்தால் என்ன குறித்து வைக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும்?

தேதி, நேரம், ஏரியின் நீர்மட்டம் அல்லது அன்று பெய்த மழை, ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம், தண்ணீர் தெளிவா கலங்கலா. இந்த ஐந்தும் இருந்தால் எந்த என்ஜினியரும் அரை வேலையை முடித்துவிடுவார். ஒரே இடத்தில் நின்று எடுத்த போட்டோக்களும் உதவும். தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் நீர் வேகமாக வந்தால் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். தாசில்தார் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே போன் போட்டு, கரைக்குக் கீழே உள்ள வீடுகளில் இருப்பவர்களை மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.